தைப்பது உங்கள் வேலை

தாராவி, மும்பை
8 ஜூன் 2025

அன்புத் தங்கை ஷைஸ்தாவுக்கு,

உன்மீதும் உன் இல்லத்தார்மீதும் இறைவனின் சாந்தி நிலவுவதாக. பெருநாள் நேற்று நிறைவாக நடந்தேறியது. நானும் உன் மச்சானும் சைஃபும் நலம். இஜாஸ் மாப்பிள்ளையின் முதுகு வலி குறைந்ததா? கோயம்புத்தூர்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா?

கையில் போன் இருக்கும்போது ஏன் தபால்காரரை அலைக்கழிக்கிறீர்கள் என்று என் மகன் சைஃப் கேட்கிறான். நீ சொன்ன காரணத்தையே அவனிடம் சொன்னேன்: போனில் உன்னால் என்னிடம் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடிவதில்லையாம். அவன் வெகுநேரம் சிரித்தான். சிரிக்க அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. எப்படியாயினும், கடிதம் எழுதுவது எனக்கு உவப்பான காரியம். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருத்தி, மளிகைப் பொட்டலத் தாளைக்கூட விடாமல் படித்துப் படித்து இந்த நடையை ஈட்டியிருக்கிறாள். அதைக் கல்யாணப் பத்திரிகைகளுக்கு மட்டும் செலவிடுவது நியாயமா?

இனி முக்கியச் செய்தி. இம்மாதம் முதல் நம் பை தைக்கும் கூடம் என் பொறுப்பு. மச்சான் பாண்டுப்பில் இருக்கும் நம் கடையைக் கவனிக்கப் போய்விட்டார். போகும்போது, "தீபாவளி வரைக்கும் பாரு ஷமீமா. ஓடினா உன்னுது. ஓடலைன்னா மிஷினை எல்லாம் வித்துட்டு அங்க வந்து கல்லாவுல உக்காரு" என்றார். கல்லாவில் உட்காருவதற்காக நான் பிறக்கவில்லை என்பது உனக்குத் தெரியும்.

திருமணத்துக்கு முன் நீ அங்கே நூல் வெட்டிக்கொண்டிருந்த நாட்களை நினைத்துப் பார். பானுமதி தைத்துக்கொண்டே பாடுவாள். கரீம் பாட்சா அண்ணன் துணி வெட்டும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கதை சொல்வார். வந்தனா இந்தியிலும் மராத்தியிலும் மாறி மாறிச் சண்டை போடுவாள். அம்மு எல்லாவற்றுக்கும் சிரிப்பாள். அது வேலை செய்யும் இடமா, கல்யாண வீடா? இப்போது ஒழுங்கு வந்துவிட்டது. மிஷின் ஓடும்போது பேச்சு இல்லை, பாட்டு இல்லை. போன்கள் எல்லாம் பிஸ்கட் டப்பாவுக்குள். நான் வரைந்து தரும் அளவு அட்டையை எவரும் திருத்தக் கூடாது. கூடத்துக்குள் என்னை 'மேடம்' என்றே அழைக்க வேண்டும். முதல் நாள் பானுமதி வாய் பழகாமல் "மேடக்கா" என்றாள். இப்போது சரியாகிவிட்டது.

உன் அலுவலகச் செய்திகளை விரிவாக எழுது.

அன்பு மாறாத
ஷமீமா ராத்தா


கோயம்புத்தூர்
19 ஜூன் 2025

பாசத்துக்குரிய ராத்தாவுக்கு,

உங்களுக்கும் மச்சானுக்கும் என் ஸலாம். என் வீட்டுக்காரரின் முதுகு தேவலை. தண்ணீர் ஒத்துக்கொண்டது. அலுவலகம்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

கூடம் உங்கள் கைக்கு வந்ததில் எனக்கு மெய்யாகவே மகிழ்ச்சி. மச்சானைவிட உங்களுக்குத்தான் துணியின் மனம் தெரியும்.

பார்சல் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? ஏப்ரலில் புதிய மேலாளர் வந்தார். பெயர் வெங்கடேஷ். எங்கள் போன்களை லாக்கரில் வைத்துப் பூட்டுகிறார். தேநீர் குடிக்க எழுந்தால் எங்கே என்று கேட்கிறார். கூட்டம் என்று கூப்பிடுவார். அவர் மட்டுமே பேசுவார்.

பக்கத்து மேசைக் கிருஷ்ணாவை உங்களுக்குத் தெரியாது. வாயைத் திறந்தால் மூடமாட்டார். போன வாரம் அவர், "சார், இந்த பில்லுல ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தார். மேலாளர் எல்லார் முன்னிலையிலும், "யோசிக்கிறது என் வேலை கிருஷ்ணா. செய்யறது உங்க வேலை" என்றார். அன்றிலிருந்து கிருஷ்ணா தும்மலைக்கூட அடக்கிக்கொள்கிறார். எனக்குக் காலையில் பேருந்து ஏறும்போதே இறங்கி வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று தோன்றுகிறது.

இப்படிப்பட்டவரிடம் எப்படி நடந்துகொள்வது? உங்கள் யோசனையை எழுதுங்கள்.

என்றும் உங்கள்
ஷைஸ்தா


தாராவி
30 ஜூன் 2025

அன்புத் தங்கைக்கு,

சாந்தி உண்டாவதாக. மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை இரண்டு இடங்களில் ஒழுகுகிறது. மற்றபடி எல்லாரும் சுகம்.

உன் கடிதம் கண்டு என் இரத்தம் கொதித்தது. அவர் என்ன மனிதர்! கூலி கொடுப்பவர் வயிற்றுக்குத்தான் கொடுக்கிறார். வாய்க்குப் பூட்டுப் போடும் உரிமையை எவர் அவருக்குக் கொடுத்தது? படித்தவர்களே இப்படி நடந்தால் நாடு எப்படி உருப்படும்? நீ நிமிர்ந்து நின்று, "ஐயா, எங்களுக்கும் தலை இருக்கிறது, தலைக்குள் மூளையும் இருக்கிறது" என்று மரியாதையாகச் சொல். நான் அங்கிருந்தால் நானே வந்து சொல்லியிருப்பேன்.

இங்கே கூடம் சீராக நடக்கிறது. சென்ற வாரம் ஒரு சிறு சலசலப்பு. மளிகைக் கடைப் பைகளுக்கு நான் அட்டை வெட்டிக் கொடுத்திருந்தேன். பானுமதி எழுந்து நின்று, "மேடம், இந்தக் கைப்பிடி நீளம் பத்தாது, தோள்ல மாட்ட முடியாது" என்றாள். எல்லார் எதிரிலும்! இடம் கொடுத்தால் நாளைக்கு ஆளுக்கொரு அளவு சொல்வார்கள் அல்லவா? "தைப்பது உங்கள் வேலை, யோசிப்பது என் வேலை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். அன்று முதல் மிஷின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. கைப்பிடியின் நீளம் பின்னர் கூட்டப்பட்டது. அது வேறு விஷயம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். சோற்றை விட்டுவிடாதே.

ஷமீமா ராத்தா


கோயம்புத்தூர்
20 ஜூலை 2025

ராத்தாவுக்கு ஸலாம்.

தாமதத்துக்கு மன்னியுங்கள். உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து, உட்கார்ந்து, எழுந்துவிட்டேன். வேலை அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நலம். இங்கே மழை இல்லை, காற்று மட்டும்.

பானுமதி அக்கா இப்போதும் பாடுகிறாரா? நான் அங்கே இருந்தபோது, அவர் பாட்டு நின்றால் நூல் அறுந்துவிட்டது என்று பார்க்காமலே சொல்லிவிடுவேன்.

கரீம் பாட்சா காக்காவுக்கும் வந்தனாவுக்கும் என் விசாரிப்பைச் சொல்லுங்கள்.

ஷைஸ்தா


தாராவி
1 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஷைஸ்தா,

இறைவனின் அருளால் நாங்கள் எல்லாரும் சுகம். உன் சுகத்தையே நாடுகிறேன். உன் கடிதம் இவ்வளவு சுருங்கியது ஏன்? காகிதத்துக்குப் பஞ்சமா?

எனக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்திருக்கிறது. மாட்டுங்காவில் அபயாம்பாள் மாமி என்று ஒருவர். பாலக்காட்டுக் குடும்பம், மூன்று தலைமுறையாக அங்கேயே இருப்பவர்கள். மகளுக்குச் செப்டம்பர் முதல் வாரத்தில் கல்யாணம். வருகிறவர்களுக்குக் கொடுக்க ஐந்நூறு தாம்பூலப் பைகள் கேட்டிருக்கிறார். மாட்டுங்கா, செம்பூர்த் தமிழர்களிடம் அவர் சொன்னால் சொன்னதுதான். இது நன்றாக அமைந்தால் இவ்வருடத்துக் கல்யாணங்கள் அனைத்தும் நம் வாசலுக்கு வரும். பிசகினால் மச்சான் சொன்ன கல்லாதான். எனவே முழு மனத்தோடு இறங்கியிருக்கிறேன்.

மாம்பழ மஞ்சள் துணி. ஒடுக்கமான, நீளமான, நாகரிகமான வடிவம். கடைகளில் கிடைப்பவை தவலை போல அகலமாக இருக்கின்றன. நான் அகலத்தைக் குறைத்து ஒரு மிடுக்கைக் கொண்டுவந்திருக்கிறேன். வெற்றிலைக் கட்டு, பாக்குப் பொட்டலம், பழம் எல்லாம் வைத்துப் பார்த்துத்தான் அட்டை வெட்டினேன். போனில் படம் அனுப்பினேன். மாமி, "ஜோரா இருக்கு" என்று பதில் போட்டார்.

வந்தனா வேலையை விட்டு நின்றுவிட்டாள். மழைக்காலம், வந்து போவது சிரமமாக இருந்திருக்கும்.

மற்றவர்களுடைய நல்லொழுக்கத்துக்கு ஒரு சான்று கூறுகிறேன். பைகளில் முதல் கட்டு தைத்து முடிந்த அன்று மதியம், பானுமதி திடீரென்று ஒரு கிண்ணம் நிறையத் தேங்காய்ச் சட்னி அரைத்துக் கொண்டுவந்து இட்லியோடு பரிமாறினாள். எனக்குத்தான் முதலில். அபார ருசி, நானே இரண்டு தடவை கேட்டு வாங்கினேன். ஒருவரும் என் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் தலை குனிந்து சாப்பிட்டார்கள். பணிவு என்றால் அதுதான்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு.

ஷமீமா ராத்தா


கோயம்புத்தூர்
10 ஆகஸ்ட் 2025

அன்பு ராத்தாவுக்கு,

ஸலாம். இங்கே இருவரும் சுகம், எனக்குச் சளி பிடித்ததைத் தவிர. சளி பிடித்த கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நேற்று சனிக்கிழமை, எங்களுக்கு விடுமுறை. ஆனால் வேலை தேங்கிவிட்டது, எல்லாரும் வந்தாக வேண்டும் என்று மேலாளர் உத்தரவு போட்டுவிட்டார். நேற்று மின்சாரப் பராமரிப்புக்காகக் கட்டடத்தையே பூட்டுவார்கள் என்று வாட்ச்மேன் ஒரு வாரமாக எங்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மேலாளரிடம் மட்டும் அவரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. யாராவது சொல்வார்கள் என்று எல்லாரும் நினைத்தோம். யாரும் சொல்லமாட்டார்கள் என்றும் எல்லாருக்கும் தெரியும்.

காலையில் அத்தனை பேரும் சரியான நேரத்துக்கு வந்து, பூட்டிய கேட்டுக்கு முன்னால் தூறலில் நின்றோம். மேலாளர் வந்தார். பூட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "உங்க யாருக்கும் தெரியாதா?" என்றார். எல்லாரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவரும் எங்களோடு நனைந்தார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் ஏனோ அழுகை வந்தது. நான் இப்படிப்பட்டவள் இல்லையே ராத்தா. தெரிந்ததைச் சொல்லாமல் நிற்கிறவளாக எப்போது ஆனேன்?

தாம்பூலப் பைகள் நல்லபடியாக முடியட்டும்.

ஷைஸ்தா


தாராவி
22 ஆகஸ்ட் 2025

என் அருமைத் தங்கைக்கு,

சாந்தி உண்டாவதாக. சளிக்கு மிளகும் மஞ்சளும் பாலில் போட்டுக் குடி. அழாதே.

உன் கடிதத்தைப் படித்து நானும் சைஃபும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். ஆனால், கோபித்துக்கொள்ளாதே, அந்த மேலாளரைவிட உங்கள்மீதுதான் எனக்கு வியப்பு. அத்தனை பேரில் ஒருவருக்கும் வாய் இல்லையா? "சார், அன்றைக்குக் கட்டடம் பூட்டியிருக்கும்": இதைச் சொல்ல எத்தனை நொடி ஆகும்? எங்கள் கூடத்தில் இப்படி ஒரு காரியம் நடக்கவே நடக்காது.

பைகள் முடிந்துவிட்டன. ஐந்நூறும் அடுக்கி வைத்திருப்பது மஞ்சள் மலை போல இருக்கிறது. திங்கட்கிழமை மாமி நேரில் வருகிறார். அன்று நான் என் பச்சைப் புடவையைக் கட்டிக்கொள்ளப் போகிறேன்.

வெற்றிச் செய்தியோடு அடுத்த கடிதம் எழுதுவேன்.

ஷமீமா ராத்தா


கோயம்புத்தூர்
12 செப்டம்பர் 2025

அன்பு ராத்தா,

ஸலாம். சுகமா? வெற்றிச் செய்தியை எதிர்பார்த்துத் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். போன் செய்தால், "கூடத்தில் வேலையாக இருக்கிறேன், கடிதத்தில் எழுதுகிறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். ஆனால் பின்னால் ஒரே சத்தம். யாரோ பாடியது கேட்டதே, அது பானுமதி அக்காவா?

மாமி வந்தாரா? என்ன சொன்னார்? எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.

ஷைஸ்தா


தாராவி
21 செப்டம்பர் 2025

அன்புத் தங்கை ஷைஸ்தாவுக்கு,

இறையருளால் நாங்கள் அனைவரும் நலம். நீங்கள் இருவரும் அவ்வாறே இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

எழுதத் தாமதமானதற்குக் காரணம் வேலை என்று உன்னிடம் சொல்லலாம். நீயும் ஜூலையில் அப்படித்தான் எழுதினாய்; நானும் நம்பினேன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அன்று மாமி டாக்சியில் வந்து இறங்கினார். பிள்ளையார் சதுர்த்திக்குச் சாமான் வாங்கிய கூடை கையில் இருந்தது. ஒரு பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "நன்னா இருக்குடி ஷமீமா. தையல் முத்து முத்தா இருக்கு" என்றார். நான் நிமிர்ந்து நின்றேன். பிறகு கூடையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்துப் பைக்குள் விட்டார். போகவில்லை. குடுமியைக் கீழாகத் திருப்பி விட்டார். போகவில்லை. சாய்த்து அழுத்தினார், தையல் முனகியது, தேங்காய் வாயிலேயே நின்றது.

"என்னடி இது? வெத்தலை போறது, பாக்கு போறது, பழம் போறது. தேங்காயை என்ன, வர்றவா தலையில வச்சுண்டு போகணுமா?"

"தேங்காயைத் தனியாகக் கையில் கொடுப்பீர்கள் என்று நினைத்தேன், மாமி."

"நன்னா நினைச்சே போ! தாம்பூலப் பையே தேங்காய்க்குத்தானேடி! ஊரைக் கூட்டி உள்ளே உக்கார வச்சுட்டு, தேங்காயை மட்டும் வாசல்ல நிக்க வச்சுட்டியே!"

நம் வீட்டுக் கல்யாணங்களில் இந்த வழக்கம் இல்லை. நான் கேட்டிருக்கலாம். மாமி, "ஞாயித்துக்கிழமைக்குள்ள இது உள்ளே போகணும். இல்லேன்னா கடையில வேற வாங்கிப்பேன்" என்று சொல்லி, அளவுக்கு இருக்கட்டும் என்று அந்தத் தேங்காயை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

நான் திரும்பினேன். எல்லாரும் தலை குனிந்து இருந்தார்கள். முன்பு நான் பணிவு என்று எழுதினேனே, அதே குனிவு.

"உங்கள் யாருக்கும் இது தெரியாதா?" என்றேன். கேட்டபிறகுதான், இந்த வாக்கியத்தை எங்கேயோ படித்திருக்கிறோமே என்று தோன்றியது.

கரீம் பாட்சா அண்ணன் மணி என்ன என்று சொல்வது போலச் சொன்னார்: "யோசிக்கிறது எங்க வேலை இல்லைன்னு நீங்க சொல்லியிருந்தீங்க, மேடம்." அதில் குத்தல் இல்லை, ஷைஸ்தா. குத்தல் இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்.

"எப்போது தெரியும்?"

பானுமதி எழுந்து நின்றாள். "முதல் பை தச்சன்னிக்கே தெரியும் மேடம். எங்க வீட்டுக் கல்யாணத்துல எல்லாம் வாங்கியிருக்கோமே. சந்தேகத்துக்கு ஒரு தேங்காய் வாங்கிட்டு வந்து விட்டுப் பாத்தோம். போகல."

"அந்தத் தேங்காய் எங்கே?"

அம்மு துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்கள். அந்தத் தேங்காய் எங்கே?"

"அன்னிக்கே சட்னி ஆயிடுச்சு, மேடம்" என்றாள் பானுமதி. "நீங்களும் ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க."

துணிக் கட்டின்மேல் உட்கார்ந்தேன், பச்சைப் புடவையோடு. அதன்பின் சிரிப்பு வந்தது. முதலில் சிரித்தவள் நான்தான், அம்மு அல்ல என்பதைத் தெளிவாகக் குறித்துக்கொள்.

சிரித்து ஓய்ந்து, "இப்போது என்ன செய்யலாம், சொல்லுங்கள்" என்றேன். கேட்டவுடன் மழை போலக் கொட்டுவார்கள் என்று எண்ணினேன். ஒரு சொட்டு இல்லை. அவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நாயை அவிழ்த்துவிடுவார்களோ என்று கேட்டைப் பார்க்கிறவர்களைப் போல. தேநீர் வாங்கி வருகிறேன் என்று நானே எழுந்து வெளியே போனேன். வேண்டுமென்றே தொண்ணூறு அடிச் சாலை வரைக்கும் நடந்தேன்.

திரும்பி வந்தால் உள்ளே சந்தைக் கூச்சல்.

"அடியைப் பிரிச்சு ஒரு வட்டம் வைக்கலாம்னா கேளு" என்கிறார் அண்ணன்.

"ஐந்நூறு வட்டம்! நீங்க என்ன மாஸ்டரா, மந்திரவாதியா? பக்கத்துத் தையலைப் பிரிச்சு ஒரு பட்டி குடுத்தா போதும். தேங்காய் தானா உள்ள போகும்" என்கிறாள் பானுமதி.

"பட்டிக்கு மஞ்சத் துணி எங்க இருக்கு? உன் சேலையைக் கிழிக்கவா?"

"சிவப்பு இருக்கே!" என்று அம்மு மேசைமேல் ஏறிப் பரணிலிருந்து துணியை இழுத்தாள். "ஸ்கூல் பைக்கு வாங்கினது. மஞ்சளுக்குச் சிவப்பு, மங்களமா இருக்கும்."

நான் தேநீரோடு வாசலில் ஒன்றும் பேசாமல் நின்றேன். நான் பேசாமல் நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை. அது எனக்குச் சற்று வருத்தந்தான். பானுமதிதான் திரும்பிப் பார்த்து, "அக்கா, டீ ஆறுது, உள்ள வாங்க" என்றாள். 'மேடம்' எங்கே போயிற்று என்று அவளும் தேடவில்லை, நானும் தேடவில்லை.

ஆள் போதாது என்று அம்மு வந்தனாவுக்குப் போன் செய்தாள். மறுநாள் வந்தனா வந்து வாசலிலேயே நின்று, "இங்கே இப்போது பேசலாமா?" என்று இந்தியில் கேட்டாள். "பேசு, ஆனால் தை" என்றேன். அவள் போனதற்குக் காரணம் மழை அல்ல. அது எனக்கு அப்போதே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மாமி வந்தார். தேங்காய் தொட்டிலில் குழந்தை போல உள்ளே இறங்கியது. மாமி பக்கத்துச் சிவப்புப் பட்டியைத் தடவிப் பார்த்து, "இதை முதல்லயே செஞ்சிருக்கப்படாதோ?" என்றார். கல்யாணமும் சிறப்பாக நடந்தது. 'சிவப்பு ஓரப் பை' கேட்டு மாட்டுங்காவிலிருந்து ஒருவரும் செம்பூரிலிருந்து ஒருவரும் இதுவரை வந்திருக்கிறார்கள்.

நீ போனில் கேட்டது பானுமதியின் குரல்தான்.

ஒரு வேண்டுகோள். உன் மேலாளரைப் பற்றி ஜூன் மாதம் நான் எழுதிய கடிதம் உன்னிடம் இருந்தால், தயவுசெய்து அதை மறுபடியும் படிக்காதே.

அன்பு மாறாத
ஷமீமா ராத்தா


கோயம்புத்தூர்
5 அக்டோபர் 2025

என் ராத்தாவுக்கு,

ஸலாம். இருவரும் சுகம். சளி போய்விட்டது.

அந்தக் கடிதத்தை நான் மறுபடியும் படிக்கவில்லை. படிக்கத் தேவையில்லை, மனப்பாடம்.

சட்னிக் கதையை இவரிடம் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து இவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. ஜூலையில் நான் எழுத நினைத்து எழுதாமல் விட்டதை இப்போது எழுத வேண்டியதில்லை என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

உங்கள் யோசனைப்படி நிமிர்ந்து நின்றேன். கிருஷ்ணாவும் நானும் மேலாளர் அறைக்குப் போய், மரியாதையாகத்தான், எங்களைக் கொஞ்சம் பேச விடுங்கள் என்றோம். கேட்டுக்கொண்டார். மறுநாள் எங்கள் இருவர் மேசையையும் வெவ்வேறு மூலைக்கு மாற்றிவிட்டார். ராத்தா, அவருக்குத் தேங்காயோடு வந்து நிற்க ஓர் அபயாம்பாள் மாமி கிடைக்கவில்லை. அல்லது மாமி வந்தும் அவர் சிரிக்கத் தெரியாதவராக இருக்கலாம்.

நான் விலகிவிட்டேன். பயப்படாதீர்கள், வேறு வேலை பார்த்துக்கொண்டுதான் விலகினேன். சின்ன அலுவலகம். முதல் நாளே அங்கே தலைமைப் பெண்மணி, "உங்க அபிப்பிராயம் என்ன ஷைஸ்தா?" என்று கேட்டார். பொறியில் வைத்த வடையோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உங்கள் ஆட்கள் ஏன் உங்கள் வாயையே பார்த்தார்கள் என்று உங்கள் கடிதத்தைப் படித்ததுமே புரிந்தது. மூன்றாம் வாரம்தான் ஒரு சிறு திருத்தம் சொன்னேன். ஏற்றுக்கொண்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து பிரியாணி செய்தேன்.

தீபாவளி நெருங்குகிறது. மச்சான் என்ன சொல்கிறார்?

உங்கள்
ஷைஸ்தா


தாராவி
2 நவம்பர் 2025

அன்புத் தங்கைக்கு,

சாந்தியும் சுகமும் உண்டாவதாக. உன் புது வேலை உனக்குப் பொருந்தியதில் என் மனம் குளிர்ந்தது. மாப்பிள்ளையின் முதுகுக்கு நான் பொறுப்பேற்கிறேன், தைலம் அனுப்பியிருக்கிறேன்.

தீபாவளி கழிந்த மறுநாள் மச்சான் வந்தார். கூடத்து வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டார். உள்ளே பானுமதி பாட, வந்தனா சண்டை போட, மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. "என்ன ஷமீமா, கல்யாண வீடு மாதிரி இருக்கு?" என்றார். "தாம்பூலப் பை தைக்கும் இடம் வேறு எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். அவர் ஆர்டர்களைப் பார்த்தார், மிஷின்களைப் பார்த்தார், பிறகு பாண்டுப் கடைக் கல்லாவுக்கு வேறு ஆள் தேடுவதாகச் சொன்னார். கூடம் நம்முடையது, ஷைஸ்தா.

நான் அடியோடு மாறிவிட்டேன் என்று எண்ணிவிடாதே. போன்கள் இன்னமும் பிஸ்கட் டப்பாவுக்குள்தான். மிஷின் ஊசிக்கு முன்னால் போன் பார்த்தால் விரல் போய்விடும். சென்ற வாரம் புதிய அட்டை ஒன்று வெட்டினேன். அம்மு எட்டிப் பார்த்து, "அக்கா, இது தப்பு" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. விழுங்கிவிட்டு, "எங்கே, காட்டு" என்றேன். அளந்து பார்த்தோம். அட்டை சரியாகத்தான் இருந்தது. அவள்தான் தலைகீழாகப் பிடித்திருந்தாள். அவளை அனுப்பிவிட்டு உள்ளூர எவ்வளவு மகிழ்ந்தேன் என்பதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். ஆனாலும் மறுநாளும் அவள் வந்து எட்டிப் பார்த்தாள். அதற்கும் மகிழ்ந்தேன்.

மாமி வைத்துவிட்டுப் போன தேங்காய் இப்போதும் வெட்டு மேசைமேல் இருக்கிறது. காய்ந்து குலுங்குகிறது, எவரும் எடுக்க மனம் வரவில்லை. எந்தத் தாம்பூலப் பை வந்தாலும் முதல் பைக்குள் அது ஒருமுறை போய்வர வேண்டும்.

நேற்று மதியம் பானுமதி மறுபடியும் ஒரு கிண்ணம் தேங்காய்ச் சட்னி கொண்டுவந்து என்முன் வைத்தாள். நான் கை வைக்கவில்லை. எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "முதலில் சொல்லுங்கள். இது எந்தப் பைக்குள் போகாத தேங்காய்?" என்று கேட்டேன்.

ஒருவரும் தலை குனியவில்லை.

"சும்மா அரைச்சது, அக்கா" என்றாள் பானுமதி. "நம்பிச் சாப்பிடுங்க."

இரண்டு தடவை கேட்டு வாங்கினேன்.

என்றும் உன்
ஷமீமா ராத்தா